சக்கரமில்லாத வண்டியின் கண்டக்டர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கல்யாண வரவேற்பில். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று நின்று களைத்துப் போயிருந்தார்கள். போட்டோவுக்கு ஏற வந்த கூட்டம் படிக்கட்டிலேயே அடைத்துக்கொண்டு நகராமல் நின்றது. திடீரென்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல எவ்ளோ எடம் காலியா கெடக்குது! படியில நிக்காதீங்கம்மா, உங்களத்தான்!"

பட்டுப்புடவைகளும் பட்டுவேட்டிகளும் தம்மையறியாமல் இரண்டடி உள்ளே நகர்ந்தன. நானும் நகர்ந்தேன், கையில் கிஃப்ட் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் மேலே கம்பி இருப்பதுபோலக் கையைக்கூடத் தூக்கிவிட்டார். இது மண்டபமாயிற்றே, பஸ் இல்லையே என்று எனக்கு உறைத்தபோது மேடையில் போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

விழுப்புரம்–திண்டிவனம் ரூட்டில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாங்கின சம்பளத்துக்கு வேலையை முடித்துக்கொண்டு வீட்டில் உட்காருகிற ரகம் இல்லை. நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் போதும், அவர் கண்ணுக்கு அது வண்டிதான். வண்டி என்றால் நிற்கக்கூடாது. ரேஷன் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரிடம், "சும்மாதானே நிக்கிறீங்க, குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்குங்க" என்பார். துக்க வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். ஒருமுறை பிரேதத்துக்கு மாலை போட வந்தவர்களை முன்பக்கம் ஏற்றிப் பின்பக்கம் இறக்கிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்க வாய்ப்பே இல்லை.

பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. ஊருக்கே அவர் கண்டக்டர்தான்.

காலை ஐந்தரைக்கு எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூட மைதானத்திலிருந்து அவருடைய வண்டி புறப்படும். வண்டி என்றால், ஏழெட்டு அறுபது எழுபது வயசுக்காரர்கள். இரண்டிரண்டு பேராக, சீட்டில் உட்கார்ந்த வரிசையிலேயே நடப்பார்கள். புறப்படுகிற இடம் விழுப்புரம். மைதானத்தைச் சுற்றச் சுற்ற முண்டியம்பாக்கம் வரும், விக்கிரவாண்டி வரும், கூட்டேரிப்பட்டு வரும். கடைசியாகத் திண்டிவனம். ஒரே நாளில் போய்ச் சேர முடியாது. இன்று நிறுத்தின இடத்திலிருந்துதான் நாளைக்கு எடுப்பார். எந்த ஊருக்கு எத்தனை சுற்று என்பது அவர் மனசுக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால், "டிரைவர்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க" என்பார். டிரைவரும் அவரேதான்.

விக்கிரவாண்டி வந்தால் டோல்கேட். டோல் கட்டாமல் யாரும் தாண்ட முடியாது. கட்டணம் தோப்புக்கரணம். ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் ஒருநாள் ரொம்ப மரியாதையாக, "அரசு அலுவலர்களுக்கு டோல் விலக்கு உண்டுப்பா" என்று சொல்லிப் பார்த்தார்.

"சர்வீஸ்ல இருக்கும்போது சார். இப்ப நீங்க பப்ளிக். புடிங்க காத."

கூட்டேரிப்பட்டில் டீக்கு நிற்கும். டீயெல்லாம் கிடையாது. வண்டி நிற்கிற நேரம் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். கறிக்கடை பாய் ஒற்றைக் காலில் நின்றால் பக்கத்தில் இருப்பவர்மேல் சாய்வார், அவர் அடுத்தவர்மேல் சாய்வார், மொத்த வண்டியும் கவிழும். விழுந்தவர்கள் எழுந்திருக்க முடியாமல் சிரிப்பார்கள். "ஆக்சிடென்ட்டு! ஆக்சிடென்ட்டு! எல்லாரும் எறங்கி அடுத்த வண்டியில ஏறுங்க" என்று அவர் கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே நானும் சிரிப்பேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சிரிக்கிற ஆள் நான் ஒருத்திதான், அதுவும் சமையலறைக்குள் மட்டும்.

ஏனென்றால் கூடத்தில் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

திண்டிவனத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவர் என் அப்பா. அம்மா போனதும் காரியம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு விழுப்புரம் வந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த ஊர்ப் பெயரையே எடுக்கவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். சொல்லாவிட்டால் கேட்கமாட்டார். எங்கள் வீட்டு டிவி ஒருநாள் படமில்லாமல் வெறும் சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ஊர் டிவியையெல்லாம் திறந்து பார்த்த மனுஷன் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.  பாத்ரூம் போய்விட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நல்லா இருந்த உடம்பு மூன்று மாசத்தில் வற்றலாகிவிட்டது. அம்மாவுக்குப் பின்னாலேயே இவரும் கிளம்பிவிட்டார், நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு ராத்திரி ஒன்றுக்கு இரண்டு தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். தனியே விட பயந்து அவரையும் கடைக்குக் கூட்டிப்போய் மூலையில் உட்காரவைப்பேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க ஒருநாள் கண்டக்டர் வந்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், கண் அப்பாமேலேயே போகிறது. உட்கார்ந்த இடத்தில் அசையாமல் ஒரு மனிதர் இருப்பது அவருக்கு அரிப்பு மாதிரி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நேரே போய் அப்பா முன்னால் நின்றார்.

"சாரு எங்க எறங்கணும்?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார்.

"ஊரு தெரியலன்னா பரவால்ல. எறங்குற எடம் தெரியாதவங்கள நான் பாதியில எறக்கி உட்டதே கெடையாது. காலைல அஞ்சரைக்கு வண்டி, ரெடியா இருங்க" என்றார். பிறகு என்னிடம், "வீடு எங்கம்மா?" என்று கேட்டார்.

நான் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் இருட்டு பிரிவதற்குள் எங்கள் வாசலில் மொத்த வண்டியும் வந்து நின்றது. நின்றது என்று சொல்லக்கூடாது, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தது. "இஞ்சின் ஓடிக்கினு இருக்குது சார், டீசல் வேஸ்ட்டாவுது! ஜல்தி!" எதிர்வீட்டில் விளக்குப் போட்டார்கள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பாய் கூச்சத்தோடு அதை "ச்சூ, ச்சூ" என்று அடக்கப் பார்க்க, அது இன்னும் பலமாகக் குரைத்தது. அப்பா காதைப் பொத்தினார். அடுத்த நாளும் இதே கூத்து. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, "யோவ், பெரியவரே, போயி ஏறித் தொலைங்களேன்யா, நாங்க தூங்கணும்" என்று கத்தினார். அப்பாவுக்கு மானம் பெரிது. சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். தாசில்தாருக்குப் பக்கத்து சீட்டு கொடுத்தார்கள். "ஜன்னலோரம் என்னுது" என்று தாசில்தார் முதலிலேயே சொல்லிவிட்டாராம்.

அப்புறம்தான் ஒரு களேபரம் நடந்தது. அப்பா போய் ரொம்ப நேரமாகிறது, விடிந்துவிட்டது, ஆளைக் காணோம். போன் போட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "முண்டியம்பாக்கத்துல இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டுக் கட் பண்ணிவிட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் யாராவது காலங்காத்தாலே மூச்சிரைக்க "முண்டியம்பாக்கத்துல இருக்கேன்" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியாஸ்பத்திரி. நைட்டிமேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தேன். வழியெல்லாம் முருகா முருகா என்றேன். அவசரப் பிரிவில் ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராக முகத்தைப் பார்த்தேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "என்னா கேஸும்மா, ஹார்ட்டா?" என்றார். "தெரியலையே அண்ணா" என்று அவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு யாருக்காகவோ வந்த சொந்தக்காரம்மா ஒருத்தியும் என்னோடு சேர்ந்து அழுதாள்.

கடைசியில் வீட்டுக்குப் போன் போட்டால் என் கணவர், "மாமா தோசை சாப்பிட்டுக்கினு இருக்காரு. மூணாவது தோச, அவரே கேட்டாரு" என்றார்.

அப்பா சொன்னது மைதானத்து முண்டியம்பாக்கம் என்று அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது தோசை என்பது என் காதில் ஏறவே இல்லை. கோபம் மட்டும்தான் ஏறியது. வண்டியை நேரே கண்டக்டர் வீட்டுக்கு விட்டேன். நைட்டியோடுதான். கேட்கவேண்டியதை எல்லாம் வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டு, திறந்திருந்த கதவைத் தட்டாமல் உள்ளே போய்விட்டேன்.

கட்டிலில் ஒரு அம்மா, அவர் சம்சாரம். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து வருஷங்களாகிறது என்பது பார்த்தாலே தெரிந்தது. நல்ல கனத்த உடம்பு. கண்டக்டர் குனிந்து அந்த அம்மாவின் முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கை கொடுத்து, "கழுத்தப் புடிச்சிக்க, ரைட்டு" என்று சொல்லித் தூக்கினார். அவர் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. மைதானத்தில் தினம் போடுகிற அதே தோப்புக்கரணம். மூச்சுப் பிசகாமல் அந்த அம்மாவைக் கொண்டுபோய் ஜன்னலோரம் நாற்காலியில் வைத்தார். ஒரு கால் செருப்பு நழுவி விழுந்தது. எடுத்து மாட்டிவிட்டார்.

அந்த அம்மாதான் என்னை முதலில் பார்த்தார். ஒரு ஓரமாகக் கோணின வாயில் அப்படியொரு சிரிப்பு.

"சண்ட போட வந்தியா கண்ணு? நல்லா நாலு வார்த்த கேளு. என்னைய ஒரு நாள்ல எத்தினி தடவ ஏத்தி எத்தினி தடவ எறக்குறாரு தெரியுமா? ஒரு தடவையாவது வழியில நிறுத்தி முறுக்கு வாங்கிக் குடுத்தாரா கேளு!"

நான் அடுக்கி வைத்திருந்தது எல்லாம் சரிந்துவிட்டது. சண்டை போட வந்தவள் முறுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசல் வரைக்கும் வந்து அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் பஸ்ஸைக் கொண்டுவராமல் பேசினார்.

"போன மழையில ஒரு வாரம் நடக்க முடியல. அவளத் தூக்கும்போது முட்டி ஆடிச்சி. அதுகூட பெருசில்லம்மா. அவ மேல எனக்குக் கோவம் வந்துச்சி. தண்ணி கேட்டா கோவம், கூப்ட்டா கோவம். திட்டிட்டேன். அவ வாயத் தெறக்கவே இல்ல அன்னிக்கு. மழ வுட்டதும் போயி நடந்து வேர்த்து வந்தேன். கோவம் எங்க போச்சுன்னே தெர்ல. அப்பலேர்ந்து ஒரு நாளும் நிறுத்தறதில்ல. உங்கப்பாவுக்கும் அதாம்மா. துக்கத்த நான் எடுக்க முடியாது. அதத் தூக்கிக்கினு நடக்குறதுக்குக் காலு வேணுமில்ல?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது தோசை ஊற்றினேன். அதையும் சாப்பிட்டார்.

அப்பா சுவரைப் பிடிக்காமல் நடக்க ஆரம்பித்தார். டோல்கேட்டில் தாசில்தார் ஏமாற்றுவதை வீட்டில் வந்து கோள் சொன்னார். ஒருநாள் எங்கள் டிவியைக் கழற்றிப்போட்டுவிட்டு, "இத எவன் வித்தான் உனக்கு?" என்று என் கணவரைத் திட்டினார். திட்டு வாங்கின மனுஷன் சமையலறைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார். நானும் குதித்தேன். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து குதித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் வண்டி திண்டிவனத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டினால் அடுத்தது அதுதான். ஒருநாள் காலை, டீக்கு நின்ற வண்டி கிளம்பியபோது அப்பா கிளம்பவில்லை. "எனக்கு இதுக்கு மேல வேணாம். நான் எறங்கிக்கிறேன்" என்றாராம். எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவர் தரையில் படுத்து, இல்லாத வண்டிக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"பிரேக்டவுன். ஸ்பேர் வரணும். எப்ப வரும்னு தெரியாது."

அதற்கப்புறம் பல நாள் வண்டி கூட்டேரிப்பட்டிலேயே கிடந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தில் நின்று கால் மிதித்தார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். தாசில்தாருக்குத்தான் பொறுக்கவில்லை. "இன்னாய்யா பேஜாரு இது, வேற வண்டியாவது மாத்தி உடு" என்று புலம்பினார். "ரோட்ல ஒரு வண்டியும் வர்ல சார், நான் என்னா பண்றது?" என்று கண்டக்டர் மைதானத்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை காட்டினார். பாய்க்கு ஒற்றைக் காலில் அருமையாக நிற்க வந்துவிட்டது. அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அப்பாவே, தாசில்தார் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "போலாம்" என்றார். தாசில்தார் ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஸ்பேர் வந்துடுச்சிய்யா!" என்று கத்தினார். அன்றைக்கே திண்டிவனம் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமான பஸ்ஸில் எல்லோரும் போனோம். நிஜக் கண்டக்டர் ஒரு சின்னப் பையன். எங்கள் கண்டக்டர் அவனைப் போகும் வழியெல்லாம் படுத்தின பாடு தனிக் கதை. அப்பா தன் கையாலேயே பூட்டைத் திறந்தார். கொடியில் அம்மாவின் புடவை ஒன்று காய்ந்து விறைத்துப்போய் அப்படியே தொங்கியது. அப்பா அதை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் வெடித்து அழுதேன். அவரும் அழுதார். நின்றபடியே அழுதார், உட்கார்ந்துவிடவில்லை. அழுது முடித்து, "தொடப்பம் எங்க இருக்கு பாரு" என்றார். தாசில்தார் ஒட்டடை அடித்தார், பாய் தண்ணீர் சேந்தினார். சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது அப்பா கிளம்பவில்லை. கடை ஷட்டரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போம்மா. நாலு பேரு செட்டு கெடச்சுருமா இங்க, காலைல நடக்க?" என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமும் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டு பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கண்டக்டர் வீட்டு அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் முடிந்தும் மைதானத்தில் சத்தமில்லை. ஐந்தரைக்கு எல்லோரும் வந்தார்கள், அவரும் வந்தார். வந்து சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். தினமும் இப்படியே. "வெயிட்டு கொறஞ்சுபோயி கையி ரெண்டும் சும்மா தொங்குது பாய்" என்றாராம். தாசில்தார் ஒருநாள் துணிந்து "ரைட்டு, ரைட்டு" என்று சொல்லிப் பார்த்தார். ஆபீசில் ஃபைல் கேட்கிற தொனி. யாரும் நகரவில்லை. நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். ராத்திரியே வந்து சேர்ந்தார்.

காலையில் எங்கள் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாண்டி இறங்கினார் அப்பா. நானும் கூடப் போனேன். பெஞ்சில் இருந்தவருக்குத் தாடி வளர்ந்திருந்தது. தோள் உள்வாங்கிவிட்டது. அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"இனிமே யாரத் தூக்கப்போறேன் சார்? இந்த ஒடம்ப வளத்து இன்னா பண்றது?"

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வார் என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மெல்ல நகர்ந்து, பெஞ்சுக்கு எதிரே மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.  பிறகு எழுந்திருக்கப் போனவர் "அம்மாடி" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் சாய்ந்தார். நான் ஓடினேன், பாயும் ஓடிவந்தார்.

"யாரும் தொடாதீங்க" என்றார் அப்பா. "அவரு தூக்கட்டும்."

கண்டக்டர் அப்பாவையே பார்த்தார். பயணிகளின் முகத்தை எத்தனை வருஷம் பார்த்தவர். டிக்கெட் எடுக்காமல் எடுத்தேன் என்று சொல்பவனைப் பார்க்கிற பார்வை.

"சார், நடிக்கிறீங்க."

"ஆமா, நடிக்கிறேன். தூக்குங்க."

பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்டக்டர் பெஞ்சைவிட்டு எழுந்தார். அப்பாவுக்கு முன்னால் குந்தினார். முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கை கொடுத்தார். "கழுத்தப் புடிச்சிக்க" என்று சொல்ல ஆரம்பித்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. அப்பா இரண்டு கையாலும் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். முட்டி ஆடியது. ஒருதரம் தடுமாறி, மறுபடி மூச்சைப் பிடித்து, எழுந்துவிட்டார்.

"எங்க எறக்கி உட?" என்றார், அழுதுகொண்டே.

"எறக்காதீங்க" என்றார் அப்பா. "நடங்க."